மொட்டைக் கினிப் பன்றி

இடுக்கி மாவட்டத்தில் குமுளிக்குப் பக்கம் இருக்கிறது சக்குபள்ளம். சுற்றிலும் ஏலத்தோட்டம். ஆடி மாதத்தில் மழையும் பனிமூட்டமும் விடாது. பகலிலேயே கம்பளி தேடுவார்கள்.

உடம்பில் முடியே இல்லாத ஒரு பிராணியை அங்கே வளர்க்க முடியுமா?

அப்படி ஒரு பிராணி உண்டு. அதுதான் மொட்டைக் கினிப் பன்றி. பல நாடுகளில் இதைச் செல்லமாக வளர்க்கிறார்கள். பெயரில்தான் பன்றி. உண்மையில் இது எலியைப் போலக் கொறிக்கும் பிராணி. எடை ஒரு கிலோ அளவில் இருக்கும். இதன் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. பெரு நாட்டு மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக இதை வீட்டில் வளர்க்கிறார்கள். செல்லத்துக்காக இல்லை, கறிக்காக! அதுவும் குளிர் மலைதான். ஆனால் அங்கே வளர்வதற்கு அடர்ந்த முடி உண்டு.

முடி எப்படிப் போனது? கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் ஓர் ஆராய்ச்சிக்கூடம். 1978-இல் அங்கே முடியில்லாத குட்டிகள் பிறந்தன. அது நோய் இல்லை. பரம்பரையில் வந்த மாற்றம். தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் அந்தக் கூறு வந்தால்தான் குட்டி மொட்டையாகப் பிறக்கும். மூக்கிலும் பாதத்திலும் மட்டும் கொஞ்சம் முடி இருக்கும்.

இதைத் தொட்டால் சூடாக இருக்கும். உடம்புச் சூடு வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. அதை ஈடுகட்ட இது அதிகமாகத் தின்னும். ஆகவே வீட்டுக்குள்ளேதான் வைக்க வேண்டும். வெறும் சிமெண்டுத் தரை ஆகாது. கம்பளித் துணி விரியுங்கள். துணைக்கு இன்னொன்று இருந்தால் நல்லது. கடும் வெயிலும் ஆகாது. தோல் வெந்துவிடும். மலையில் வளர்க்க முடி உள்ள கினிப் பன்றியே மேல்.

புல்தான் முக்கியத் தீனி. இதன் பல் சாகும்வரை வளரும். புல்லை மென்றால்தான் பல் தேயும். ஆனால் புல்லை எங்கே அறுக்கிறீர்கள்? ஏலத்துக்குப் பூச்சிமருந்து அடிப்பது உங்களுக்குத் தெரியும். மருந்து பட்ட புல் இந்தச் சின்ன உடம்பைக் கொன்றுவிடும். மருந்து அடிக்காத இடத்துப் புல்லையே போடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஆடும் நாயும் வைட்டமின் சி சத்தைத் தம் உடம்பிலேயே உண்டாக்கிக்கொள்ளும். மனிதரால் முடியாது. கினிப் பன்றியாலும் முடியாது. 1907-இல் நார்வே நாட்டு அறிஞர்கள் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் இருவரும் இதற்கு வெறும் தானியம் கொடுத்துப் பார்த்தார்கள். கப்பல்காரர்களுக்கு வரும் ஸ்கர்வி நோய் இதற்கும் வந்தது. வைட்டமின் சி என்ற சத்தைக் கண்டுபிடிக்க அது பெரிய உதவியாக இருந்தது. ஆகவே சோறு போட்டு வளர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். தினமும் மல்லித்தழையோ குடைமிளகாயோ கொடுங்கள். கொய்யா ஒரு சிறு துண்டு போதும். எதையும் அவ்வப்போது நறுக்கிக் கொடுங்கள். நறுக்கி வைத்தால் சத்து குறையும்.

நடக்கத் தயங்குகிறதா? மூட்டு வீங்கியிருக்கிறதா? தீனியைத் தொடவில்லையா? அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். நமக்கு மருந்தாகும் அமாக்சிசிலின் மாத்திரை, கினிப் பன்றியின் குடலைக் கெடுத்து அதைக் கொன்றுவிடும்.