நல்ல வெயிலிலும் சோலார் தகடு ஏன் முழு மின்சாரம் தருவதில்லை?

தகட்டின் சக்தி, மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் வருவது. ஓட்டத்தை அளவுக்கு மிஞ்சி இழுத்தால் அழுத்தம் விழுந்துவிடும்.

துலாவில் நீர் இறைத்தவர்களைக் கேளுங்கள். வாளி பெரிதென்றால் கை தளரும். சிறிதென்றால் விரைவாக ஏறும், தண்ணீர் கொஞ்சம்தான். பலத்துக்கேற்ற வாளிதான் தோட்டத்தை நனைக்கும்.

தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேர்ட்டர் அந்த அளவான வாளியை ஓயாமல் தேடுகிறது. இழுவையைச் சற்றே மாற்றிப் பார்க்கும். சக்தி கூடினால் அதே பக்கம் தொடரும், குறைந்தால் திரும்பும். ஏன் ஓயாமல்? முகில் மறைத்தால் ஓட்டம் குறையும். தகடு சூடானால் அழுத்தம் குறையும்: சிலிக்கன் தகடு 25 பாகை செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 0.4 வீதம் சக்தியை இழக்கிறது.

யாழ்ப்பாணத் தீவுகளான நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கான சூரிய, காற்று மின் திட்டம் 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. டீசலைக் கடல் கடந்து கொண்டுவரும் அங்கே, தகட்டிலிருந்து வீணாகாமல் எடுக்கும் மின்சாரம் பெரிது.

தகடு அதிகம் சூடாகாதிருக்க, உங்கள் கூரைக்கும் தகட்டுக்கும் இடையே காற்றோட இடம் விடுங்கள்.