உங்களுக்குத் தெரியுமா? விரதத்தின்போது வெள்ளணுக்களும் மாறுகின்றன

புரட்டாசி பிறந்தால் நாமக்கல் முட்டைக்கே தேவை குறைந்துவிடும். சேலம், நாமக்கல் பக்கம் பல வீடுகளில் சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போட்ட பிறகுதான் சாப்பாடு. நீண்ட நேரம் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சுற்றும் வெள்ளணுக்களிலும் மாற்றம் தெரியும்.

ஆரோக்கியமானவர்கள் 19 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தபோது, 'மோனோசைட்' என்னும் வெள்ளணுக்கள் இரத்தத்தில் குறைந்ததை நியூயார்க் மவுண்ட் சினாய் ஆய்வாளர்கள் 2019-இல் கண்டார்கள். எலிகளில் தேடியபோது, அவை அழிந்துவிடவில்லை என்று தெரிந்தது. எலும்பு மஜ்ஜையை விட்டு வெளியே வராமல் தங்கியிருந்தன!

உடல்பருமன் உள்ளவர்களின் நிலைமை வேறு. அவர்களின் கொழுப்புத் திசுவில் 'மேக்ரோபேஜ்' என்னும் நோய் எதிர்ப்புச் செல்கள் குவிந்து, வெளியே தெரியாத அழற்சி நாள்தோறும் நீடிக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வில் இரண்டு நாள் உண்ணாமல் இருந்தும், மெலிந்தவர்களைவிட இவர்களுக்கு, கொழுப்பு எரியும்போது உண்டாகும் 'கீட்டோன்' குறைவாகவே கூடியது. இவர்களின் 'டி செல்கள்' என்னும் வெள்ளணுக்கள் அழற்சியைத் தூண்டும் பொருள்களை அதிகமாகவே சுரந்துகொண்டிருந்தன. ஒரே விரதம் எல்லா உடலிலும் ஒரே பலனைத் தரும் என்ற நம்பிக்கையை இது கேள்விக்குள்ளாக்குகிறது.

தமிழ்நாட்டில் 15–49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல்பருமன் உள்ளவர்கள் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஆகவே இது நம் வீட்டுக் கவலையும்தான். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நீண்ட விரதம் இருக்கவே கூடாது. சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம்.