கல்லுக்குள் கரியமில வாயு

நாம் குடியிருக்கும் வீடும் கடந்து செல்லும் பாலமும் சிமெண்டால் எழுந்தவை. அந்தச் சிமெண்டின் ஆக்கமே பசுமை இல்ல வாயுக்களின் பெரும் ஊற்றுகளுள் ஒன்றாகவும் விளங்குகிறது. உலையில் எரியும் நிலக்கரி மட்டுமே இதற்குக் காரணமன்று. சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது, அது சுட்ட சுண்ணாம்பாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. 100 கிலோ தூய கல்லிலிருந்து 44 கிலோ வாயு வெளியேறும். எனவே, எரிபொருளை மாற்றினாலும் கல் உமிழும் வாயு நிற்பதில்லை.

இதற்கு இரு வழிகள் நடைமுறையில் உள்ளன. முதலாவது, சுடும் கல்லின் அளவைக் குறைத்தல். அனல்மின் நிலையச் சாம்பலையோ இரும்பாலைக் கசடையோ கலந்து சிமெண்ட் செய்வது நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். இரண்டாவது, வாயுவைக் காற்றில் கலக்குமுன் பிடித்தல். நார்வே நாட்டின் பிரெவிக் சிமெண்ட் ஆலையில் 2025ஆம் ஆண்டு இம்முறை செயற்பாட்டுக்கு வந்தது. அமீன் கரைசல் புகையிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்துக்கொள்கிறது. சூடாக்கியதும் அதை விடுவிக்கிறது. பின்னர் அவ்வாயு திரவமாக்கப்பட்டு, கப்பலில் கொண்டுசெல்லப்பட்டு, வடகடலின் தரைக்குக் கீழே ஏறத்தாழ 2,600 மீட்டர் ஆழத்திலுள்ள பாறை அடுக்கில் செலுத்தப்படுகிறது. ஆண்டுக்கு 4 இலட்சம் டன் பிடிக்கும் திறனுடைய இவ்வமைப்பு, அவ்வாலையின் உமிழ்வில் ஏறத்தாழப் பாதியையே தடுக்கும். அதற்கும் மிகுந்த ஆற்றல் தேவை.

ஆகவே, உமிழ்வைக் குறைப்பதே முதற்பணி. குறைக்க இயலாததைப் பிடிப்பது அதற்கு அடுத்த பணி.