ஒளி பட்டதும் விழிக்கும் மருந்து



பால்மரத்து இலை பச்சை. நம் இரத்தம் சிவப்பு. ஆனாலும் இரண்டும் உறவுக்காரர்கள்தாம். இலைப் பச்சையத்திலும் இரத்தச் சிவப்பிலும் ஏறக்குறைய ஒரே சாயலான வளையம் ஒன்று இருக்கிறது. அதற்குப் போர்பிரின் என்று பெயர். பச்சையத்தில் வளையத்தின் நடுவே மக்னீசியம், இரத்தத்தில் இரும்பு. அந்த இரும்பை நீக்கி எடுத்த பொருள் இருட்டில் சாதுவாக இருக்கும். ஒளி பட்டால் போதும், விழித்துக்கொள்ளும்.

1912ஆம் ஆண்டில் மேயர்-பெட்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் அதில் 200 மில்லிகிராமைத் தம் உடம்பிலேயே செலுத்திக்கொண்டார். வெயில் பட்டதும் முகமும் கைகளும் வீங்கின. இரண்டு மாதத்துக்கு மேல் அவருக்கு வெயில் ஆகவில்லை. துணிச்சல்காரர்தான், யாரும் பின்பற்றத் தக்க துணிச்சல் அல்ல!

இந்தக் கெடுதலையே மருந்தாக்கியவர் அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் டோகர்ட்டி. டூபாண்ட் நிறுவனத்தில் வேலை பார்த்தவர், பிறகு பஃபலோ நகரின் ராஸ்வெல் பார்க் புற்றுநோய் நிலையத்தில் சேர்ந்தார். உயிரணுக்களைச் சோதிக்கும் சாயம் ஒன்றை அங்கே பயன்படுத்தினார்கள். சாயம் ஏறிய அணுக்களை வெளிச்சத்தில் வைத்தால் செத்துப்போகும் என்று உடன் வேலை செய்தவர்கள் அலுத்துக்கொண்டார்கள். இவரோ, புற்றணுவை மட்டும் இப்படிக் கொல்ல முடியுமா என்று யோசித்தார். 1975இல் எலிகளின் கட்டிகள் குணமாயின. 1978இல், 25 நோயாளிகளின் 113 கட்டிகளில் 111 முழுமையாகவோ ஓரளவோ கரைந்தன என்று அறிவித்தார்.

மருந்தை ஊசி வழியாகச் செலுத்துகிறார்கள். சுமார் இரண்டு நாளில் நல்ல தசை பெரும்பாலும் அதை வெளியேற்றிவிடும். புற்றுக்கட்டி கூடுதலாகப் பிடித்து வைத்திருக்கும். அப்போது ஊதா ஒளி பாய்ச்சினால் கட்டி சிவப்பாக மினுங்கி, இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும். அழிப்பதற்குச் சிவப்பு ஒளி. மெல்லிய கண்ணாடி இழை வழியாக அதை உள்ளே செலுத்துகிறார்கள். மருந்து அந்த ஒளியின் சக்தியை வாங்கிப் பக்கத்திலுள்ள பிராணவாயுவுக்குக் கொடுக்கிறது. வெறிகொண்ட அந்தப் பிராணவாயு புற்றணுவைச் சிதைக்கிறது. அதன் ஆயுள் கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. ஆகவே தூரம் போகாது.

ஏன் சிவப்பு? இருட்டில் டார்ச் விளக்கை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். விரலிடுக்கில் சிவப்புதான் தெரியும். மற்ற நிறங்களைத் தசை தடுத்துவிடுகிறது. சிவப்பும் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதனால் உடம்பெங்கும் பரவிய புற்றுக்கு இந்த வைத்தியம் உதவாது. வெறும் வெயிலில் நிற்பதோ, டார்ச் அடிப்பதோ வைத்தியமும் ஆகாது.

போட்டோபிரின் என்ற பெயரில் இம்மருந்தைக் கனடா 1993இல் ஏற்றது. 1995இல் அமெரிக்காவும் ஏற்றது. உணவுக்குழாயைப் புற்று அடைத்து, கஞ்சிகூட இறங்காமல் தவித்தவர்களுக்காக. வாயிலும் தொண்டையிலும் வரும் முற்றிய புற்றுக்கு டெமோபோர்பின் என்ற மற்றொரு போர்பிரின் இனத்து மருந்தை ஐரோப்பா 2001இல் அனுமதித்தது. வெற்றிலையோடு புகையிலை போடும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வாய்ப்புற்று அந்நியமான நோயல்ல. மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண்ணை டாக்டரிடம் காட்டியாக வேண்டும்.

டோகர்ட்டி 2018இல் காலமானார். போட்டோபிரின் போட்டுக்கொண்டவர் குறைந்தது 30 நாள் வெயிலில் இறங்கக்கூடாது. பால் வெட்டுக்குப் போகிறவருக்கு அது ஒரு மாதக் கூலி. அதற்காக இருட்டறையிலும் அடைந்து கிடக்கக்கூடாது. வீட்டுக்குள் இருக்கும் சாதாரண வெளிச்சம் தோலில் தங்கிய மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும்.