முதல்ல நீங்க நிமிருங்க பாஸ்!

நாலு வயசுக் குதிரை. பேரு... உங்க இஷ்டத்துக்கு ஒண்ணு வச்சுக்கங்க. சேணம் போட்டாச்சு. ஹெல்மெட் மாட்டியாச்சு. ஏறி உட்கார்ந்தும் ஆச்சு. 'நேரா போ'ன்னு சொல்றீங்க. அது இடது பக்கமா சாயுது. வலது வாரை இழுக்கறீங்க. தலையைத் தூக்கி முரண்டு பிடிக்குது. இன்னும் இழுக்கறீங்க. நின்னே போச்சு! 'சரியான அடங்காப்பிடாரி'ன்னு திட்டிக்கிட்டே இறங்கறீங்க.

ஒரு நிமிஷம்... தப்பு யார் மேல?

பெரும்பாலும், மேலே உட்கார்ந்திருந்தவர் மேலதான்! உங்க இடது இடுப்பு மடங்கி, எடை முழுக்க அந்தப் பக்கம் இறங்கியிருக்கும். தலையில் இருக்கும் மூட்டை ஒரு பக்கம் சரிஞ்சா நாம என்ன செய்வோம்? மூட்டை போகிற பக்கமே ரெண்டு எட்டு வைப்போம். குதிரையும் அதைத்தான் செய்தது. பாவம், அதுக்குத் திட்டு வேற!

முதுகில் ஒரு ஈ உட்கார்ந்தாலே தோலைச் சிலிர்த்து விரட்டுகிற ஜீவன் குதிரை. அறுபது கிலோ ஆள் கோணலா உட்கார்ந்தா தெரியாதா என்ன?

டிரெஸ்ஸாஜ்னா என்ன?

'பயிற்சி' என்று பொருள் தரும் பிரெஞ்சு வார்த்தை இது. ஒலிம்பிக் ரேஞ்சில் 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்துக்கு ஒரு களம். அதில் நடை, டிராட், கேன்டர், வட்டம், திருப்பம்னு ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 10 வரை மார்க். ஓட்டுபவர் எதுவுமே செய்யாத மாதிரி இருக்கணும். குதிரை மட்டும் தானா ஆடுகிற மாதிரி தெரியணும். அதுதான் மேட்டர்!

'எதுவுமே செய்யாத மாதிரி' உட்காருவது எவ்வளவு கஷ்டம்னு உட்கார்ந்து பார்த்தவங்களுக்குத்தான் தெரியும்.

கால் இல்லை... வெள்ளி உண்டு!

டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டெல் கதையைக் கேளுங்க. 1944-ல், 23 வயசில், வயிற்றில் குழந்தையோடு இருந்தபோது போலியோ தாக்கியது. முழங்காலுக்குக் கீழே அசைவே இல்லை. குதிரை மேல் ஏறவும் இறங்கவும் ஆள் உதவி வேணும். குதிரைக்கு சிக்னல் கொடுப்பதே கால்தான். அதுவே இல்லைன்னா?

லிஸ் விடலை. தன் உடல் எடையையும் முதுகையும் வைத்தே 'ஜூபிலி' என்ற பெண் குதிரையிடம் பேசக் கற்றுக்கொண்டார். டிரெஸ்ஸாஜில் பெண்களை முதல்முறையாக அனுமதித்த 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், ஆண்களோடு மோதி வெள்ளி! 1956-ல் மறுபடியும் வெள்ளி!

ரெண்டு காலும் நல்லா இருக்கிற நாம, உதைச்சு உதைச்சு ஓட்டுறோம். யோசிங்க.

உச்சி முதல் குதிகால் வரை!

பக்கவாட்டில் இருந்து பார்த்தா காது, தோள், இடுப்பு, குதிகால் நாலும் ஒரே நேர்கோட்டில் இருக்கணும். குதிரையைச் சட்டுனு மாயமா உருவிட்டாலும் நீங்க காலில் நிற்கணும். பொத்துனு விழக்கூடாது! இன்னொரு கோடு... முழங்கையில் இருந்து குதிரையின் வாய் வரைக்கும் நேரா.

தலை: குதிரையின் காதுகளுக்கு நடுவே தொலைவில் பாருங்க. தலை மட்டுமே அஞ்சு கிலோ பக்கம் வரும். குனிஞ்சு பார்த்தா அந்த எடை முழுக்க முன்னால் போய் குதிரையின் தோளில் இறங்கும்.

உட்காரும் எலும்பு: உள்ளங்கையை அடியில் வைத்துக் கட்டை நாற்காலியில் உட்காருங்க. ரெண்டு எலும்பு குத்துதா? அந்த ரெண்டிலும் சமமா எடை இறங்கணும். பின்னால் சாய்ஞ்சா சோபா போஸ், முன்னால் சாய்ஞ்சா கவிழ்கிற போஸ். ரெண்டும் வேண்டாம்.

முழங்கால்: பயத்தில் முழங்காலை இறுக்கினா, துணி கிளிப் மாதிரி நீங்களே மேலே எகிறுவீங்க. தளர விடுங்க. எடை கீழே குதிகால் வரை இறங்கட்டும்.

கை: இங்கேதான் உசாரா இருக்கணும். வாரின் மறுமுனை குதிரையின் வாயில், நாக்கு மேல் கிடக்கிற இரும்பு. பேலன்ஸ் போகும்போது வாரைப் பிடிச்சுத் தொங்கினா, வலி அங்கேதான். கட்டை விரல் மேலே, முழங்கை விலாவை ஒட்டி, ஆனா கட்டை மாதிரி விறைப்பா இல்லாமல்.

மூச்சு: பயந்தா நாம மூச்சைப் பிடிச்சுக்குவோம். குதிரை அதையும் கண்டுபிடிச்சுடும். நிறுத்தும்போது மூச்சை மெதுவா விட்டுப் பாருங்க. பாதி வேலை முடிஞ்சுடும்.

வியன்னா ரகசியம்

சரி, இதையெல்லாம் அந்த நாலு வயசுக் குட்டி மேலேயே பழகலாமா? கூடாது! வியன்னாவில் 16-ம் நூற்றாண்டில் இருந்து நடக்கும் ஸ்பானிய ரைடிங் ஸ்கூலில், புதுசா சேரும் மாணவரை அனுபவசாலிக் குதிரை மேல்தான் உட்கார வைப்பாங்க. கையில் வார் கிடையாது, காலில் அங்கவடி கிடையாது. ஆசிரியர் நீளக் கயிற்றைப் பிடிச்சு குதிரையை வட்டமடிக்க விடுவார். இதுக்குப் பேரு 'லஞ்சிங்'. மத்தியானச் சாப்பாடு இல்லீங்க! இப்படியே மாசக்கணக்கில் ஓடும். உடம்பு தன்னால் பேலன்ஸ் ஆன பிறகுதான் கைக்கு வார் வரும்.

பழைய குதிரை புது ஆளுக்குச் சொல்லித் தரும், பழகின ஆள் புதுக் குதிரைக்குச் சொல்லித் தருவார். ரெண்டு பேருமே ஃபர்ஸ்ட் இயர்னா கிளாஸ் உருப்படுமா?

சின்னக் குதிரைக்கு சில ரூல்ஸ்

* குதிரையின் முதுகெலும்பு முழுசா முதிர அஞ்சு, ஆறு வயசு ஆகும். அதனால் இருபது, முப்பது நிமிஷம் போதும். நடுநடுவே வாரைத் தளர்த்தி நடக்க விடுங்க.

* டிராட் ஓட்டத்தில் 'டொக்கு டொக்கு'னு முதுகில் இடிச்சு உட்காராதீங்க. தாளத்துக்கு ஏத்த மாதிரி எழுந்து எழுந்து உட்காருங்க. முதுகு தப்பிக்கும்.

* கழுத்தைச் சுற்றி ஒரு தோல் பட்டை கட்டுங்க. குதிரை துள்ளினா அதைப் பிடிங்க, வாயை இழுக்காதீங்க.

* ஜெர்மன் பயிற்சி முறையில் ஆறு படி உண்டு. தாளம், தளர்வு, கையோடு மென்மையான தொடர்பு என்பதுதான் முதல் மூணு. சின்னக் குதிரைக்கு இப்போதைக்கு இது போதும். டான்ஸ் எல்லாம் அப்புறம்.

* சொன்னதைச் செய்ததும் அழுத்தத்தை உடனே விடுங்க. அதுதான் குதிரைக்கு 'வெரிகுட்'.

* கோபம் வந்தா இறங்கிடுங்க. கோபத்தோடு குதிரையிடம் போகாதேன்னு கிரேக்கத்தின் செனபன் 2,300 வருஷத்துக்கு முன்னாலேயே எழுதி வச்சுட்டார். மூணு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய இங்கிலாந்தின் ஷார்லட் டுஜார்டின், பயிற்சியில் குதிரையைச் சாட்டையால் திரும்பத் திரும்ப அடித்த பழைய வீடியோ வெளியானதும் 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் இருந்தே விலகினார். ஒரு வருஷத் தடையும் வந்தது.

ஹாஸ்டல் ரூமிலேயே பயிற்சி!

குதிரை இல்லையா? நோ ப்ராப்ளம். மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவா இறக்குங்க. மெஸ்ஸில் ரெண்டு கையிலும் நிறைஞ்ச டீ டம்ளரோடு சிந்தாமல் நடங்க. 'மென்மையான கை'ன்னா என்னன்னு புரியும். பேக்கை எப்பவும் ஒரே தோளில் மாட்டறதை நிறுத்துங்க. அந்தக் கோணல் அப்படியே சேணத்துக்கும் வரும்! ஓட்டும்போது ஃப்ரெண்டை விட்டுப் பின்னால் இருந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்க. 'நான் நேராத்தான் உட்கார்றேன்'கிற நம்பிக்கை பத்தே செகண்டில் காலி!

சீனாவின் ஹாங்ஜோவில் 2023-ல் நடந்த ஆசியப் போட்டியில் சுதிப்தி ஹஜேலா, திவ்யக்ரித்தி சிங், ஹிருதய் விபுல் சேடா, அனுஷ் அகர்வாலா நாலு பேரும் டிரெஸ்ஸாஜ் டீம் தங்கம் ஜெயிச்சாங்க. ஆசியப் போட்டிக் குதிரையேற்றத்தில் 41 வருஷத்துக்கு அப்புறம் இந்தியாவுக்கு வந்த தங்கம்! கொல்கத்தாப் பையன் அனுஷ், இதுக்காக ஜெர்மனி போய் வருஷக்கணக்கில் பயிற்சி எடுத்தவர். 2024 பாரீஸ் ஒலிம்பிக்கிலும் களமிறங்கினார்.

இப்போ மறுபடியும் அந்த நாலு வயசுக் குதிரையிடம் வாங்க. அதே களம். அதே இடது பக்கச் சாய்வு. இந்தத் தடவை வாரை இழுக்காதீங்க. இடுப்பை நிமிர்த்துங்க. ரெண்டு எலும்பிலும் சமமா உட்காருங்க. மூச்சை விடுங்க. தூரத்தில் பாருங்க.

ஒரு காது உங்க பக்கம் திரும்புதா? 'என்னப்பா சொன்னே?'ன்னு அது கேட்குது. அந்த நொடியில் இருந்துதான் பயிற்சியே ஆரம்பம்!