ஓடும் நூதனசாலை

ஒட்டுசுட்டானில் புகைவண்டி நிலையம் இல்லை. வண்டியேற விரும்புவோர் மேற்கே மாங்குளத்துக்குச் செல்லவேண்டும். 1990ஆம் ஆண்டில் போரினால் அங்கும் வண்டி நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் காவலரண்களுக்குப் போயின. 2013 செப்டெம்பரிலேதான் கிளிநொச்சிவரை வண்டி மீண்டும் ஓடிற்று. பாதை அழிந்தால் வண்டியும் இல்லை என்பதை அப்பகுதி மக்கள் பட்டறிந்தவர்கள்.

நகரத்து வீதிகளில் ஓடிய டிராம் வண்டிகளுக்கும் இதுவே நேர்ந்தது. சென்னையில் 1895ஆம் ஆண்டிலும் கொழும்பில் 1899ஆம் ஆண்டிலும் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. சென்னையில் அது 1953இலும் கொழும்பில் 1960இலும் நின்றது. இரு நகரங்களிலும் அப்பாதை மீளவில்லை.

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில், டிராம் சேவைகள் கைவிடப்பட்டுவந்த காலத்தில், ஆர்வலர் சிலர் வேறு வழி கண்டனர். 1939ஆம் ஆண்டில் 31ஆம் இலக்க வண்டியொன்றை 150 டொலருக்கு வாங்கினர். சீஷோர் டிராம் நூதனசாலை அவ்வாறு பிறந்தது. அங்கே வருவோர் பழைய வண்டிகளைப் பார்ப்பதோடு அமையாது, அவற்றில் ஏறிப் பயணமும் செய்யலாம்.

அவ்வாறு ஓட்டுவது எளிதன்று. வண்டியின் கூரைமேல் உள்ள கோல் மேற்கம்பியைத் தொட்டு மின்சாரத்தைப் பெறும். அது மோட்டாரைச் சுழற்றித் தண்டவாளத்தின் வழியே திரும்பும். ஆதலின் வண்டியை மட்டும் காத்தாற் போதாது. கம்பியையும், பாதையையும், பழுது நீக்கும் கைத்திறனையும் சேர்த்தே காக்கவேண்டும். மாங்குளத்தில் மீண்டும் வண்டியேறியவர்களுக்கு இதன் அருமையை விளக்கவேண்டியதில்லை.