பற்சக்கரப் பெட்டியின் தேய்மானம்

1953-இல் பெங்களூரில் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் தொழிற்சாலையின் கடைசல் இயந்திரங்கள் தொழிற்பயிற்சிக் கூடங்கள் பலவற்றில் இன்றும் உழைக்கின்றன. அவற்றின் பற்சக்கரப் பெட்டியைப் புதுப்பிக்குமுன், வடித்தெடுத்த மசகெண்ணெயில் காந்தத்தை இட்டுப் பார்த்தல் வேண்டும். நுண்ணிய இரும்புப் பொடி இயல்பானதே. செதில்கள் ஒட்டிவரின் பல்லோ பேரிங்கோ உதிர்கிறது என்பது பொருள்.

பல்லின் பளபளப்புக் குற்றமன்று. அதன் நடுப்பகுதியில் குழிகள் பரவியிருந்தால், கடினமாக்கப்பட்ட மேற்பரப்பு சோர்வுற்றதென அறியலாம்; அது நீங்கியபின் தேய்மானம் விரைந்து பெருகும்.

வெடிப்பை அறிய, உறுப்பை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்கு துடைத்து, சுண்ணக்கட்டிப் பொடியைப் பூசுவர். வெடிப்பினின்று கசியும் எண்ணெய் அவ்வெண்மையில் கருங்கோடாகத் தோன்றும். செலவற்ற இச்சோதனையை மாணவர் விரும்பிக் கற்பர்.

தேய்ந்த சக்கரத்தோடு புதியதைச் சேர்த்தால், பற்கள் பொருந்தாமல் இரைந்து, புதியதும் கெடும். ஆதலால் இணையாகவே மாற்றுவர்.